முப்பதுக்கு மேல் எண்ணாத முள்

"அங்கிள், தொட்டி ரொம்பி வழியுது!"

கனிமொழியின் குரல் கேட்டபோது தசரதன் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் காட்டியது. அண்ணனூரின் அந்தப் பன்னிரண்டு வீட்டுக் குடியிருப்பில் மேல்தொட்டி நிரம்ப இருபத்துமூன்று நிமிடம் ஆகும். அவரே அளந்தது.

ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார். குடியிருப்புச் சங்கச் செயலாளரான கனிமொழி, கொடியில் காயப்போட்டு மறுபடி நனைந்த போர்வையோடு நின்றிருந்தாள்.

"இதுல ஒரு விஷயம் இருக்கும்மா," என்றார் ஆர்வமாக. "இது விமானப்படைக் கடிகாரம். மேல் பொத்தானை அமுக்கினா பெரிய முள் விநாடியை எண்ணும். நிமிஷத்தை இந்தச் சின்ன வட்டம் எண்ணும். ஆனா முப்பது வரைக்கும்தான். அப்புறம் மறுபடி ஒண்ணுலேர்ந்து. நான் அஞ்சுன்னு நெனச்சது முப்பத்தஞ்சு!"

"சரி அங்கிள். நாளைக்குப் பார்த்துப் போடுங்க."

நாளைக்கு! தசரதனுக்கு மூச்சு வந்தது. மனைவி சாவித்திரி இறந்த பிறகு, எட்டு மாதங்கள், பால் பாக்கெட் எடுக்க மட்டும்தான் அவர் கதவைத் திறந்தார். போன வாரம் கனிமொழி வந்து, "மோட்டார் போட ஆளே இல்ல அங்கிள், நீங்கதான் காப்பாத்தணும்" என்றாள். அன்றிலிருந்து தினமும் சவரம் செய்து, இஸ்திரிச் சட்டை போட்டு, தன் கல்யாணத்தில் மாமனார் கொடுத்த கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார். இந்த வேலையும் போய்விட்டால், பேச்சுக்கு அவருக்கு மிச்சம் பால் பாக்கெட்தான்.

மறுநாள் இன்னும் கவனமாக இருந்தார். பதினெட்டாவது நிமிடத்தில் மாடிப்படியில் மேல்வீட்டு விஷால் இறங்கி வந்தான், ஐ.டி. வேலை, தோளில் பை.

"போன்ல டைமர் இருக்கே அங்கிள்?"

"போன் இதைச் செய்யுமா பாரு. வேற கடிகாரத்துல நிறுத்தணும், பூஜ்யத்துக்குக் கொண்டுவரணும், மறுபடி ஓட்டணும். மூணு அமுக்கு. விமானிக்கு ஏது நேரம்? இதுல கீழ் பொத்தான், ஒரே அமுக்கு..."

அமுக்கினார். முள் பூஜ்யத்துக்குத் தாவி, நிற்காமல் மறுபடி ஓடியது.

"சூப்பர் அங்கிள்!" என்றான் விஷால்.

தசரதன் சின்ன வட்டத்தைப் பார்த்தார், அதுவும் பூஜ்யத்துக்குப் போயிருந்தது. "எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு நீ பார்த்தியா?"

அதை விஷாலின் பைக் சீட்டில் கொட்டிய தண்ணீர் சொன்னது.

மூன்றாம் நாள் சீக்கிரமே இறங்கினார். மோட்டார் அறையிலிருந்து கனிமொழி வெளியே வந்தாள்.

"துடைப்பம் எடுக்க வந்தேன் அங்கிள்," என்று வெறுங்கையோடு போனாள்.

மோட்டாரைப் போட்டுவிட்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதன் வயர் தொங்கியது.

"இது எதுக்குப்பா?" என்று வாட்ச்மேன் வேம்புலியைக் கேட்டார்.

"இன்னாவோ சார். சும்மா கீது."

வேறு நேரமாக இருந்தால் திறந்தே பார்த்திருப்பார். இன்று சின்ன வட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இருபத்தொன்று. இன்னும் இரண்டு நிமிடம். சற்றுக் கழித்துப் பார்த்தார். இருபத்தொன்று. காத்திருப்பவனுக்கு நேரம் மெதுவாகத்தான் போகும் என்று தனக்கே விளக்கிக்கொண்டார். மறுபடியும் இருபத்தொன்று.

அப்போது உச்சந்தலையில் தண்ணீர் விழுந்தது.

கடிகாரத்தைக் காதில் வைத்தார். சத்தமே இல்லை. தினமும் காபி கொடுக்கும்போது "சாவி கொடுத்தாச்சா?" என்று கேட்பது சாவித்திரியின் வேலை. இப்போது கேட்க ஆளில்லை, நேற்று அவரும் மறந்துவிட்டார்.

வேம்புலி ஓடிவந்து மோட்டாரை நிறுத்தினான். தசரதன் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நாளைலேர்ந்து நீயே போட்டுடுப்பா. என்னால எல்லாருக்கும் தொல்லை. கனிமொழிகிட்ட நானே சொல்லிடறேன்."

"ஐயோ சார், அந்தம்மா என்னைக் கொன்னுடும்!" வேம்புலி வழியை மறித்துக்கொண்டு, வெள்ளைப் பெட்டியைக் காட்டினான்.

"தொட்டி ரொம்புனா தானா நிக்கிற மிசினு சார் இது, போட்டு ஆறு மாசம் ஆவுது. நீங்க கீய எறங்கி வரணும்னு, டெய்லி காலீல வந்து அது பிளக்கைப் புடுங்கி உட்டுட்டுப் போறதே அந்தம்மாதான்!"