வக்கீலின் வயிற்றுக்குள் என்ன?

எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவமனையில், ‘பூனைகளின் செரிமான மண்டல நோய்களை ஊடுருவாமல் கண்டறியும் சிறப்பு மையம்’ முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. கத்தி கிடையாது, ஊசி கிடையாது, குழாய் விட்டுப் பார்ப்பது கிடையாது. பெரிய இடங்களில் இப்போது இதுதான் நாகரிகமாம். பூனைகள் தரப்பில் ஆட்சேபணை ஏதும் வரவில்லை.

முதல் ஆளாகத் தையல்கடை அக்கா கூடையோடு வந்தாள். கூடைக்குள் அவளுடைய பூனை. எதற்கெடுத்தாலும் எதிர்த்துக் கத்துவதால் அதற்கு வக்கீல் என்று பெயர். இரண்டு நாளாக அது வாய் திறக்கவில்லை. வைத்த சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெட்டி வைத்த சட்டைத் துணியின் மேல் வாந்தி வேறு. ‘குடல்ல கட்டியா இருக்கும்’ என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னதிலிருந்து அக்காவுக்குத் தையல் நேராக ஓடவில்லை.

டாக்டரம்மா கூடைக்குள் கையை விட்டாள். மையத்தின் இயக்குநர் பதறிப்போய் எழுந்தார்.

“என்ன பண்றீங்க?”

“வயித்தைத் தொட்டுப் பாக்கறேன் சார்.”

“அழுத்தினா உள்ள அமுங்குமா அமுங்காதா?”

“கொஞ்சம் அமுங்கும்.”

“அப்ப அது ஊடுருவல்.”

டாக்டரம்மா கையை எடுத்தாள். “ஸ்கேன் எடுக்கலாமா சார்? வயித்து முடியை மழிச்சா நல்லாத் தெரியும்.”

“மழிக்கிறதா! அந்த முடி பூனையோட சொந்த உடைமை.”

“சரி, ஈரமாக்கிப் பாத்துக்கறேன். மெஷின் உறையையாவது பிரிக்கலாமா?”

“புது உறையைக் கிழிச்சு உள்ள கையை விடறதுக்கு என்ன பேரு டாக்டர்?”

டாக்டரம்மா மெஷினை ஓரமாகத் தள்ளி வைத்தாள். “மலப் பரிசோதனை?” என்றாள் கடைசியாக.

“பண்ணலாம். ஆனா பூனை தானா முன்வரணும்.”

எல்லாரும் கூடையைப் பார்த்தார்கள். பூனை முன்வரவில்லை.

இயக்குநர் அக்கா பக்கம் திரும்பினார். “வயிறு எப்படி இருக்கு?”

“என் வயிறா? பத்திக்கிட்டு எரியுது ஐயா.”

“எழுதிக்குங்க டாக்டர். எரிச்சல்.”

“ஐயா, பூனையைக் கண்ணால ஒரு தடவை பாக்கவாவது செய்யுங்களேன்!”

“ஊடுருவும் பார்வைன்னு நீ கேள்விப்பட்டதே இல்லையாம்மா?”

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. கூடையை அப்படியே மேசை மேல் கவிழ்த்தாள். வெளியே வந்த வக்கீல் தள்ளாடி நடந்து, பழகிய இடம் மாதிரி இயக்குநர் மடியில் ஏறிச் சுருண்டது.

“ஐயய்யோ, நம்ம ராணிம்மா!” என்று அலறினார் இயக்குநர்.

“ஆண் பூனை சார்.”

“வீட்ல வச்ச பேரு. மாத்தற அதிகாரம் எனக்கில்ல. ஸ்கேனைப் போடுங்க முதல்ல!”

கத்தரிக்கோல் தேடப் பொறுமையில்லாமல் உறையைத் தன் பல்லாலேயே கிழித்தார்.

டாக்டரம்மா திரையை நிதானமாகப் பார்த்தாள். “கட்டி இல்ல. வீக்கம் இல்ல. வயிறுதான் முட்ட முட்ட நிறைஞ்சிருக்கு. என்ன போடறீங்க?”

“என் வீட்ல பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலையே!” என்றாள் அக்கா.

இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். “எங்க வீட்ல காலைல ஒரு டின், சாயங்காலம் ஒரு டின். சத்துணவு.”

வாசல் காவலாளி எட்டிப் பார்த்தார். “நம்ம புலிக்கு என்னங்க? மத்தியானம் மீனு நல்லாத்தானே சாப்பிட்டான்!”

டாக்டரம்மா மெஷினை அணைத்தாள். “எங்க மாடிக்கும் ஒண்ணு வரும்,” என்றாள் மெல்ல. “பால் வைப்பேன். இதுதானான்னு நான் சரியாக் கவனிச்சதில்ல.”

வாந்தி நிற்க மருந்து கொடுத்து, இனி ஒரே வீட்டில் அளவாகச் சாப்பாடு என்று சொல்லி அனுப்பினார்கள். தெரு முழுக்கத் தடை அறிவிக்கப்பட்டது: ‘உரிமையாளர் தவிர மற்றவர் உணவளிப்பது, பூனையின் செரிமான மண்டலத்துக்குள் அத்துமீறி நுழைவதாகக் கருதப்படும்.’

மறுநாளே வக்கீலுக்குக் குரல் திரும்பியது. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். தடையை நாங்கள் எல்லாரும் ஒருமனதாக வரவேற்றோம். மற்றவர்கள் கண்டதையும் போட்டு அந்த வாயில்லாப் பிராணியைக் கெடுப்பது இத்தோடு ஒழிந்தது என்ற நிம்மதியில், அன்று சாயங்காலம் அவரவர் பின்கதவைத் திறந்து, ஒரே ஒரு கிண்ணம் வைத்தோம்.