கிரேக்கருக்காக ஒரு லோரி ஜனம்

பாம்பு கடித்தால் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். "கடி என்றால் என்ன?" என்று நின்று யோசிக்கக்கூடியவர் மலேசியாவின் ஈஜோக் வட்டாரத்திலேயே ஒருவர்தான். அவரைக் கிரேக்கர் என்போம். எங்கள் தோட்டத்து லயத்தில் ஒரு வரிசை வீட்டில் பிறந்து, உபகாரச் சம்பளத்தில் சீமைக்குப் போய், பழைய கிரேக்கத் தத்துவம் படித்து, கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் அதையே சொல்லிக்கொடுத்தவர். எண்பதுகளில் நான் அந்தச் செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி, அவருக்கு நெருங்கிய கூட்டாளி.

சனி, ஞாயிறு தோட்டத்துக்கு வந்துவிடுவார். வந்ததும் யாரையாவது பிடித்துக்கொள்வார். ஒருமுறை சிக்கியவர் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர்.

"மண்டோரே, நல்ல வேலைன்னா என்னா?"

"குலைய வெட்டி லோரில ஏத்திப் பாருங்க, தெரியும் லா!"

கிரேக்கர் உண்மையிலேயே வெட்டினார். குலை மண்டோரின் சைக்கிள் மேல் விழுந்தது.

பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கூத்துதான். "மாப்ள என்னா வேல பாக்குறாரு?" என்று பெண்ணின் அப்பா கேட்டார். "யோசிக்கிறேன்" என்றார் இவர். "நல்லா யோசிச்சே சொல்லுங்க" என்று அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை மனிதர் கேள்வியே கேட்கவில்லை. பயந்துபோய் விசாரித்தேன்.

"புள்ளைங்க சேர்றதில்லன்னு பாடத்தையே மூடப் போறாங்கடா. அடுத்த வாரம் ஒரு பொதுச் சொற்பொழிவு. மண்டபம் காலியா கெடந்தா அதோட முடிஞ்சுது. எனக்கு வேற எதுவும் தெரியாதே."

அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. லயத்தில் விஷயத்தைச் சொன்னேன்.

சொற்பொழிவு அன்று தோட்டத்து லோரி நிறைய ஜனம். பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, பழத்தட்டு, ஆளுயர மாலை. கல்யாணக் கூட்டம் வழி தவறி வந்துவிட்டது என்று காவலாளி எங்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்.

கிரேக்கர் இங்கிலீஷில் பொழிந்தார். எங்கள் ஜனங்களுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. நீளமான கிரேக்கப் பெயர் ஒன்று வந்ததும், ஏதோ சாமி பெயராக்கும் என்று எங்கள் லயத்து அஞ்சலை அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த பெயருக்கு முன்வரிசை முழுக்கப் போட்டுக்கொண்டது. அதற்கடுத்த பெயருக்குப் பின்னாலிருந்து குலவையே கிளம்பிவிட்டது.

பக்கத்தில் இருந்த துறைத்தலைவர் மிரண்டுபோய், "தத்துவத்தின் மேல் இவ்வளவு மரியாதையா?" என்று என்னைக் கேட்டார்.

"எங்கள் பக்கம் அப்படித்தான்" என்றேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கூட்டம் முடிந்ததும் பாடம் தொடரட்டும் என்று சொல்லிவிட்டார் துறைத்தலைவர். சேதி சொல்லக் கிரேக்கர் மாலையும் கழுத்துமாக லோரிக்கு ஓடி வந்தார். சொல்லிவிட்டு எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டார்.

அஞ்சலை அக்கா சொன்னார்: "ஒண்ணுமே வெளங்கல தம்பி. அடுத்த வருஷமும் மூடப் போறாங்கன்னா சொல்லி அனுப்பு, வந்துருவோம்."

கிரேக்கர் கோட்டு சூட்டோடு லோரியின் பின்னால் ஏறி எங்கள் நடுவில் உட்கார்ந்தார். அப்படியொரு கூட்டாளி எனக்கு வாய்த்ததில் இன்றைக்கும் பெருமைதான்.