மெமோ கொடுத்த மென்பொருள்

ஓய்வு பெற்ற அரசு ஊழியன் கையில் கம்ப்யூட்டரைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அதற்குள்ளும் ஓர் அலுவலகத்தைத் திறந்துவிடுவான். நான் திறந்தேன்.

2006-இல், கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற கையோடு, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து புரோகிராம் எழுதக் கற்றேன். (வகுப்பில் எனக்கு மட்டும்தான் மீசை நரைத்திருந்தது.) என் மனைவியின் கடைசித் தம்பி எட்வின், சிதம்பரத்தில் வீட்டிலேயே கீபோர்டு வகுப்பு நடத்திவந்தான். ஐந்து கோடுகளில் எழுதும், ஏ முதல் ஜி வரை ஆங்கில எழுத்தே பெயரான மேற்கத்திய ஸ்வரங்களைப் படிக்க அவனுடைய மாணவர்கள் திணறினார்கள். திரையில் ஒரு ஸ்வரம் தோன்ற வேண்டும். மாணவன் அதன் பெயரை அழுத்த வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

"சிம்பிளா இருந்தா போதும் மாமா."

சிம்பிளாக இருந்தால் அது நிர்வாகமா? மூன்று தவறுக்கு ஒரு குறிப்பாணை, விளக்கம் எழுத ஒரு பெட்டி, அதன்மேல் இறுதி ஆணை என்று முழு நடைமுறையையும் சேர்த்தேன். 'விளக்கம் ஏற்கப்பட்டது' என்ற வரியை மட்டும் சேர்க்கவில்லை. முப்பத்து நான்கு வருட சர்வீஸில் அப்படியொன்றை நான் பார்த்ததில்லை.

அந்தச் சமயம், ஒரு தனியார் பள்ளியின் தாளாளர் அம்மா, எட்வினை இசை ஆசிரியராக எடுக்கலாமா என்று பார்க்க அவன் வீட்டுக்கே வந்தார். வேலை கிடைத்தால்தான் கல்யாணம் என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். மென்பொருளோடு அங்கே போயிருந்த நான், முந்திக்கொண்டு கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினேன்.

"நானே போட்டுப் பாக்குறேன்" என்று உட்கார்ந்தார். முதல் மூன்று ஸ்வரமும் தவறு.

'தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது?' என்றது திரை.

"என்னங்க இது?"

"விளக்கம் கேக்குது மேடம். டைப் பண்ணிடுங்க" என்றேன், பெருமையாக.

பாவம், 'இப்போதுதான் கற்கிறேன்' என்று ஒற்றை விரலால் தட்டினார். உடனே ஆணை வந்தது: 'விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை. தாங்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுகிறீர்கள். அனுமதியின்றித் தலைமையிடத்தை விட்டு வெளியேறக் கூடாது.'

தாளாளர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"மாமா, ஆஃப் பண்ணித் தொலைங்க!"

"அதெப்படி மச்சான்? மேடம் மேல்முறையீடு பண்ணணும்."

அதற்குள் அவர் செருப்பை மாட்டிவிட்டார். எட்வின் வாசலுக்கு ஓடி, இடது கையைக் குறுக்கே நீட்டினான். "மேடம், ஒரே நிமிஷம். அஞ்சு வெரலும் அஞ்சு கோடு. அடியில சுண்டு வெரல், அது ஈ. அதுக்கு மேல இருக்குற சந்து எஃப். அப்படியே ஏறுங்க. மோதிர வெரலு?"

அவரும் தன் கையை நீட்டிப் பார்த்தார். "ஜி."

"நடு வெரலு?"

"ஏ... இல்ல, அது சந்து. பி!"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பத்து நிமிடம் கற்றுக்கொண்டார். "ஒண்ணாம் தேதி வந்து சேருங்க தம்பி" என்றவர், என்னைப் பார்த்தார். "அந்தப் பொட்டி வேணாம்."

எட்வின் மென்பொருளை அன்றே அழித்தான். (என்னிடம் விளக்கம்கூடக் கேட்கவில்லை. நடைமுறைப்படி தவறு.) கல்யாணம் நடந்தது.

இன்றும் என் வீட்டிலிருந்து கிளம்பும் சொந்தக்காரர் எவரும் 'போயிட்டு வரேன்' என்பதில்லை. "மாமா, தலைமையிடத்த விட்டுப் போலாமா?" என்கிறார்கள். எழுத்துமூலம் கேட்கச் சொல்கிறேன். சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிடுகிறார்கள்.