கடைசியாகக் கை வைத்தவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். குடும்பத்துக்கு ஒருவர் கட்டாயம். எந்தப் பொருள் பழுதானாலும் அதைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே குற்றவாளியைச் சொல்லிவிடுவார்கள். மின்விசிறி நின்றால் கரண்டு சரியில்லை, குழாய் ஒழுகினால் தண்ணீரில் உப்பு, கதவு சாத்தவில்லை என்றால் மரம் பச்சை மரம், பேனா எழுதவில்லை என்றால் காகிதம் மட்டம். உலகத்தில் உள்ள அத்தனை பேரும் அந்தப் பட்டியலில் வருவார்கள், ஒருவரைத் தவிர. அவர் அந்தப் பொருளை நேற்றுப் பிரித்து மாட்டியவர். அதாவது, அவரே.

இந்த இனத்தை இத்தனை நெருக்கமாக எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தினமும் காலையில் சவரம் செய்துகொள்ளும்போது ஒருவரைச் சந்திக்கிறேன். அது போதும்.

உதாரணத்துக்கு ஒருவரைப் பிடித்துக்கொள்வோம். நம்மவர் தையல் மெஷின் மெக்கானிக். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்று அவர் நினைத்தார். பள்ளிக்கூடமும் அப்படியே நினைத்தது. ஆனால் கடையைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். திருகாணிகள் அளவு வாரியாக முப்பத்தாறு டப்பாக்களில் இருக்கும். ஒவ்வொரு டப்பா மேலும் முத்து முத்தாக எழுதிய சீட்டு. சீட்டு அழுக்கானால் அதையும் மாற்றுவார். சுவரில் காலண்டர் கிடையாது. அவருடைய தங்கச்சி துப்பாக்கியால் சுட்ட குறியட்டைகள்தான் வரிசையாக ஒட்டியிருக்கும். நடுவட்டத்தில் ஐந்து ஓட்டை விழுந்த அட்டைக்குக் கண்ணாடிச் சட்டம் வேறு. நூல் சுற்றும் பாபின் வாங்க வந்தவர்கூட அதைப் பார்த்து இரண்டு வார்த்தை பாராட்டாமல் பாபின் வாங்கிக்கொண்டு போய்விட முடியாது.

தங்கச்சி அவருக்குப் பன்னிரண்டு வயது இளையவள். பல் ஆஸ்பத்திரியில் வேலை. வாரத்தில் மூன்று நாள் துப்பாக்கி சுடும் கிளப்பில் பயிற்சி. அவளுடைய பிஸ்டல் கிளப்பின் பூட்டிய அறையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோச் அனுமதியோடு நம்மவர் அங்கே போய், மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து, அதைப் பாகம் பாகமாகப் பிரித்துத் துடைப்பார். தங்கச்சிக்கு அண்ணன் செய்யும் சேவை. யாரும் கேட்காத சேவை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் உள்ளே இருந்த ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, தளர்ந்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னார். கிளப்புக்குச் சாமான் கொடுக்கும் கடையிலேயே இன்னும் விறைப்பான ஸ்பிரிங் ஒன்றை வாங்கி மாட்டினார். புதுசு; விறைப்பு வேறு. நல்லதுக்குத்தானே? தங்கச்சியிடம் சொன்னாரா? சாப்பாட்டில் உப்புப் போட்டதை யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

இந்தப் பிஸ்டலின் சங்கதி எளிது. சுட்டவுடன் மேல்பாகம் வேகமாகப் பின்னால் போகும். போகிற போக்கில் வெடித்த தோட்டாவின் காலி உறையை இழுத்து வெளியே எறியும். ஸ்பிரிங் தள்ள முன்னால் திரும்பும்போது, தோட்டா அடுக்கிய மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை ஏந்திக்கொண்டு வரும். கண் இமைப்பதற்குள் நடந்து முடிகிற வரவேற்பும் வழியனுப்பலும். அந்த வாரத்திலிருந்து வழியனுப்பல் பாதியில் நின்றது. காலி உறை வெளியே போகாமல் வாயிலிலேயே புகைக்கூண்டு மாதிரி செங்குத்தாக மாட்டிக்கொண்டு நிற்கும். சில சமயம் உறை போய்விடும். அடுத்த தோட்டா வராது.

இது வந்த நேரம் பாருங்கள். கிளப் அணிக்கு நாலு பேரை எடுக்கும் தேர்வு ஐந்து வாரத்தில் இருந்தது. பட்டியலில் தங்கச்சி நாலாவது. பத்து நொடியில் ஐந்து தோட்டா சுடவேண்டும். துப்பாக்கி சிக்கிக்கொண்டால் அன்றைக்கு ஒரே ஒரு முறை மறுவாய்ப்பு. அதற்கு மேல் சுடாத ஒவ்வொரு தோட்டாவுக்கும் பூஜ்யம். மூன்று வருஷம் ஆஸ்பத்திரி விடுப்பையெல்லாம் இதற்கே செலவழித்தவள் அவள்.

நம்மவர் களத்தில் இறங்கினார். தையல் மெஷின் தொழிலில் ஒரு வரிசை உண்டு. தையல் விட்டுவிட்டு விழுந்தால் முதலில் நூலைக் குறை சொல்லவேண்டும்; பிறகு ஊசியை; அதற்கும் அடங்காவிட்டால் தைக்கிற அம்மாவை. நாலாவது என்று ஒன்று அந்தத் தொழிலில் கிடையாது.

முதல் வாரம் தோட்டா. இப்போதெல்லாம் மருந்தே சரியாகப் போடுவதில்லை என்றார். பெட்டி மாற்றினார்கள்; சிக்கியது. வேறு கம்பெனி வாங்கினார்கள், சிக்கியது. ஐம்பது தோட்டாவையும் மேஜைமேல் சிப்பாய்கள் மாதிரி நிற்க வைத்து, ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்துக் கொடுத்தார். பளபளவென்று சிக்கியது.

இரண்டாம் வாரம் மேகசின். மூன்று மேகசினுக்கும் நம்பர் போட்டு, இரண்டாம் நம்பரின் முழியே சரியில்லை என்றார். முதல் நாளிலிருந்தே சிக்கியதையெல்லாம் எழுதிவந்த நோட்டில் தங்கச்சி இதற்கும் கணக்கு வைத்தாள்: ஒன்றில் நாலு தடவை, இரண்டில் நாலு தடவை, மூன்றில் ஐந்து தடவை. சாதாரண மனிதன் இதைப் பார்த்தால் மேகசின்மேல் குற்றமில்லை என்று முடிவுக்கு வருவான். நம்மவர் மூன்றுமே ஒரே நாளில் செய்த மட்டமான சரக்கு என்று முடிவுக்கு வந்தார்.

மிச்சம் இருந்தது சுடுகிற கை. மணிக்கட்டு தளர்வாக இருந்தால் மொத்தத் துப்பாக்கியும் கையோடு பின்னால் போய்விடும், மேல்பாகம் முழுத் தூரம் ஓடாது, உறை சிக்கும் என்று கோச் யாருக்கோ சொன்னதை ஒருநாள் காதில் வாங்கியிருந்தார். அது உண்மையும்கூட. இந்த இனத்தின் கையில் கிடைக்கும் பாதி உண்மை, முழுப் பொய்யைவிட அதிக சேதம் செய்யும்.

அன்று முதல் அந்தப் பெண் ஒரு கட்டையில் கயிறு கட்டி, கயிற்றில் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டு, சுற்றிச் சுற்றி ஏற்றி இறக்கினாள். ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும்போது கை நடுங்குகிற அளவுக்கு மூன்று வாரம் செய்தாள். நம்மவர் பக்கத்தில் நின்று எண்ணிக்கை சொன்னார். அவருடைய மனைவி மட்டும் அடுக்களையிலிருந்து, "அவ கை நல்லாத்தாங்க இருக்கு. நீங்க பிரிச்சுப் பாத்த கடிகாரம்கூட ஏழு நிமிஷம் பின்னாலதான் ஓடுது" என்றாள். இந்தக் காலத்து பேட்டரி அப்படி என்று நம்மவர் பதில் சொன்னார்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு மாலைப் பயிற்சியில் ஏழு தடவை சிக்கியது. தங்கச்சி ஒவ்வொரு தடவையும் விதிப்படி துப்பாக்கிக் குழாயைக் குறிப்பக்கமே வைத்துக்கொண்டு, இடக்கையைத் தூக்கிக் காத்திருந்தாள். ஏழாவது தடவைக்குப் பிறகு மேகசினைக் கழற்றி, காலி என்று காட்டி, மேஜைமேல் வைத்துவிட்டு, ஆபீஸ் அறைக்குப் போய்ப் பெயரை விலக்கிக்கொள்ளும் படிவத்தைக் கேட்டாள். நம்மவர் பின்னாலேயே போனார்.

"எனக்கு இது ஆகாதுண்ணா. கை அப்படி. நாலாவது எடத்த வேற யாருக்காவது குடுக்கட்டும்."

காரணம் என்ற கட்டத்தில் 'மணிக்கட்டு பலவீனம்' என்று எழுதினாள். கடையில் குறியட்டைக்குச் சட்டம் போட்ட அண்ணன் எதிர்ப்பக்கம் நின்று அதைத் தலைகீழாக எழுத்துக்கூட்டி வாசித்தார்.

கோச் போலீஸிலிருந்து ஓய்வு பெற்ற அம்மா. கையெழுத்துப் போட எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார். அந்த அம்மாவின் மணிக்கட்டு கார் தூக்கும் ஜாக்கி மாதிரி. தங்கச்சியின் பிஸ்டலை எடுத்துச் சுடுதளத்தில் நின்று ஐந்து தோட்டா போட்டார். இரண்டாவதிலேயே உறை செங்குத்தாக நின்றது. இன்னொரு மேகசின். மூன்றாவதில் நின்றது.

துப்பாக்கியைக் காலி செய்து வைத்துவிட்டு, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் கேட்டார்: "இதுல கடைசியா என்ன மாத்துனீங்க?"

ஐந்து வாரத்தில் நம்மவர் ஐம்பது கேள்வி கேட்டிருந்தார். இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தங்கச்சி நோட்டைப் புரட்டி, "நான் ஒண்ணும் மாத்தல மேடம்" என்றாள்.

நம்மவருக்கு அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது. விறைப்பான ஸ்பிரிங், வேகம் குறைந்த பயிற்சித் தோட்டா, மேல்பாகம் பாதித் தூரம் போய்த் திரும்பிவிடுகிறது. ஆனால் இந்த இனத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று சொல்லலாமா, இந்த மழைக்கு இரும்பு இறுகும் என்று சொல்லலாமா, இன்றைக்கு எதுவும் சொல்லாமல் நாளைக் காலையில் வந்து பழைய ஸ்பிரிங்கை மாட்டிவிட்டு, நான் துடைத்து விட்டதில் சரியாகிவிட்டது என்று பெயரும் வாங்கலாமா என்று மூன்று வழிகளை மனசுக்குள் விரித்துப் பார்த்தார். மூன்றாவது வழி ரொம்ப அழகாக இருந்தது. அதற்குள் தங்கச்சி, கோச் கையெழுத்துக்காகப் படிவத்தை நீட்டிவிட்டாள். நீட்டிய கை லேசாக நடுங்கியது. தண்ணீர் பாட்டில் தூக்கிய கை.

"ஸ்பிரிங்" என்றார் நம்மவர்.

"என்ன ஸ்பிரிங்?"

"நான்தான் மாத்துனேன். பழசு தளர்ந்துபோச்சுன்னு நெனச்சேன்."

"எப்ப?" என்றாள் தங்கச்சி.

அவர் சொன்ன தேதியும் நோட்டில் முதல் சிக்கல் எழுதியிருந்த தேதியும் இரண்டு நாள் இடைவெளியில் இருந்தன. அவள் நோட்டை மூடினாள். திட்டினால் தேவலை என்று அவர் நினைத்தார். அவள் திட்டவில்லை. "பழசு எங்கண்ணா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தன் கடைக்கு ஓடினார்.

பழைய ஸ்பிரிங்கை மாட்டி அறுபது தோட்டா சுட்டார்கள். அறுபது உறையும் ஒழுங்காக எட்டி விழுந்தன. தேர்வில் தங்கச்சி மூன்றாவதாக வந்தாள். நம்மவர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மறுநாளே கடையில், பெரிய பெரிய ஆட்களுக்கே பிடிபடாத பழுதை ஒரே வார்த்தையில் கண்டுபிடித்துச் சொன்ன கதை ஓடியது. அந்த ஒரு வார்த்தை ஸ்பிரிங். அதில் பொய் ஒன்றும் இல்லை. அப்போது அங்கே வந்த தங்கச்சி குறுக்கே பேசவில்லை. துப்பாக்கிப் பெட்டியின் மூடிக்குள் மட்டும் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு வந்திருக்கிறது: 'துடைக்க மட்டும்.'

இதைப் படித்துவிட்டு உங்கள் மைத்துனரையோ மேலதிகாரியையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் வீட்டில் ஏதாவது ஒன்று கொஞ்ச நாளாகச் சரியாக ஓடாமல் இருக்கும். இன்றைக்குச் சாப்பிடும்போது, அதில் கடைசியாகக் கை வைத்தது யார் என்று சும்மா கேட்டுப் பாருங்கள். எல்லோரும் ஒரே பக்கம் பார்ப்பார்கள். அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தேட வேண்டாம்.