எல்லை தாண்டிப் போன மொட்டை

நான் கைதேர்ந்த குற்றவாளி இல்லை. வாழ்க்கையில் செய்த ஒரே குற்றத்தையும் போலீஸ் ஸ்டேஷன் சுவரிலேயே செய்தவன்.

எண்பதுகளின் கடைசி. நண்பன் கல்யாணத்துக்காக ஆந்திர எல்லைக்குள் ஒரு சின்ன ஊருக்குப் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவசரம். ஒரு சுவரோரம் ஒதுங்கினேன். (பலகை இருந்தது. ஆனால் தெலுங்கில் இருந்தது.) பாதியிலேயே ஒரு கான்ஸ்டபிள் காலரைப் பிடித்தார். "நைனா, தெரியாம பண்ட்டேன், வுட்டுடு நைனா!" என்று நான் அழுது போட்ட கூச்சலில் மண்டபத்து நாதஸ்வரமே ஒரு நிமிடம் நின்றுபோனதாக நண்பன் இன்றும் சத்தியம் செய்வான். பெட்டி கேஸ் எழுதி, கோர்ட்டுக்கு வரச் சொல்லி அனுப்பினார்கள்.

அபராதம் கிடக்கட்டும். ஆவடி தொழிற்சாலை வேலைக்குத் தேர்வாகி, போலீஸ் விசாரணைக்காகக் காத்திருந்த நேரம் அது. கேஸ் பெரிதானால் வேலை அம்பேல்.

துணைக்கு வந்தவர் என் அக்கா புருஷன். பாடியில் லேத் ஓட்டுபவர். எப்போதோ ஒருமுறை சாட்சி சொல்லப் போனதால் தன்னைப் பாதி வக்கீலாகவே நினைத்துக்கொண்டவர். திருத்தணியில் ரயிலை விட்டு இறங்கியதும் பஸ்ஸைப் பிடிக்காமல் என்னை மலைக்கு இழுத்துப் போனார்.

"மொட்ட போட்டுக்க மச்சான். உனுக்காக வேண்டிக்கினு கீறேன்."

"கேஸ் முடிஞ்சாத்தானே மாமா மொட்ட?"

"முன்னாடியே குட்த்துட்டா முருகரு எப்டி முடியாதுன்னுவாரு?"

முடி, மீசை எல்லாம் போய், தலை நிறையச் சந்தனத்தோடு கோர்ட்டில் போய் நின்றேன்.

பெயரைக் கூப்பிட்டதும் கூண்டில் ஏறினேன். அதே கான்ஸ்டபிள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அலறினார். "இவன் இல்ல சார்! அவனுக்கு இவ்ளோ முடி, இவ்ளோ மீச! ஆள மாத்தி அனுப்பிட்டாங்க சார்!"

மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றினார். "ஆள் மாறாட்டமா? உள்ள தள்ளிடுவேன், தெரியுமா?" (எல்லையோர ஊர், நல்ல தமிழிலேயே மிரட்டினார். புரியாமலாவது இருந்திருக்கலாம்.)

மாமாவைத் தேடினேன். பாதி வக்கீல் வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார். அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். "நைனா, நான்தான் நைனா! சத்தியமா நான்தான் ஒண்ணுக்குப் போனேன்! வுட்டுடு நைனா!"

கான்ஸ்டபிள் முகம் மலர்ந்தது. "சார், இவனேதான்! அதே அழுக சார்!"

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்ட்ரேட்டும் சிரிப்பை அடக்க முடியாமல், எச்சரித்து அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும், "பாத்தியா, முருகரு!" என்றார் மாமா. அப்பாடா! அவரை அடிக்கக்கூடத் தோன்றாத நிம்மதி அது. கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயும் கொஞ்சம் அழுதேன்.

வேலை கிடைத்தது. அம்பத்தூரில் வீடு, கல்யாணம், எல்லாம் அதில் வந்ததுதான். போன மாதம் பேங்க்கில் என் கையெழுத்து ஒத்துப்போகவில்லை. "நீங்கதான் அவருன்னு எப்படி சார் நம்புறது?" என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண்.

பக்கத்தில் நின்ற என் மனைவி நிதானமாகச் சொன்னாள்: "கொஞ்சம் இரும்மா, அழுது காட்டுவாரு."