இரண்டு சங்கத்துக்கும் ஒரே பனியன்

விண்ணப்பத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு வேல்குமார் பேனாவை மூடினார். 'எதிர்ச்சங்கம் நடத்தும் போட்டியில் ஆட மாட்டேன். மீறினால் ஆயுள் தடை.' இன்னொரு சங்கத்தின் விண்ணப்பத்திலும் அதே வரி, அதே எழுத்துப் பிழையோடு இருந்தது.

"எதுல கையெழுத்துப் போடறதுங்ப்பா?" என்றாள் மகள் ஜெயபாரதி.

"ரெண்டுலயும் போடு கண்ணு."

மாவட்டச் சிலம்பச் சங்கம் போன வருடம் வரை ஒன்றாகத்தான் இருந்தது. ஃப்ளெக்ஸ் பேனரில் தலைவர் மகுடேஸ்வரன் படம் பெரிதா, செயலாளர் மாரப்பன் படம் பெரிதா என்று தொடங்கிய பேச்சில் சங்கமே இரண்டாகிவிட்டது. எதை மாநிலச் சங்கம் ஏற்கும் என்பது புதன்கிழமைதான் தெரியும். ஆனால் மாவட்டத் தேர்வை இருவருமே ஞாயிறன்று வைத்துவிட்டார்கள். மகுடேஸ்வரன் காலையில் திருப்பூரில், மாரப்பன் மதியம் பல்லடத்தில்.

ஆறு வருடமாக விடிகாலையில் எழுந்து கம்பு சுற்றுகிற பெண். இந்த வருடம் மாநிலப் போட்டிக்குப் போகாவிட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். பெரிய மனிதர்களின் படச் சண்டைக்குத் தன் பிள்ளை ஏன் வீட்டில் உட்கார வேண்டும்? இரண்டிலும் ஆடட்டும் என்று வேல்குமார் முடிவு செய்தார்.

மகுடேஸ்வரன் சங்கத்துக்கு நீலப் பனியன், மாரப்பன் சங்கத்துக்கு வெள்ளை. எதிர்ச்சங்கத்துப் பனியன் இருக்கிறதா என்று வாசலிலேயே பையைக் கொட்டிப் பார்ப்பார்களாம். ஸ்கூட்டர் டிக்கியையும் விடமாட்டார்களாம்.

வேல்குமார் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இருபது வருட அனுபவம் சும்மா இருக்குமா? கட்பீஸ் துணியில் ஒரே பனியனாகத் தைத்துவிட்டார். ஒரு பக்கம் நீலம், திருப்பிப் போட்டால் வெள்ளை. இரண்டு பக்கமும் அந்தந்தச் சங்கத்து முத்திரை.

காலையில் ஜெயபாரதி ஜெயித்தாள். வியர்வையில் தொப்பலாக நனைந்து வெளியே வந்தாள்.

"ரெட்டைத் துணி வேகுதுங்ப்பா."

பல்லடம் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க் கழிவறையில் பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தாள். வெள்ளைத் தோளில் நீலம் திட்டுத் திட்டாக இறங்கியிருந்தது.

"அலசுனா போயிருங் கண்ணு."

அலசியதில் முதுகு முழுக்கப் பரவியது. பக்கத்துக் கடையில் முகப்பவுடர் டப்பா வாங்கி அதன்மேல் முழுசாகக் கொட்டினார்.

பல்லடத்தில் கம்பு சுற்றச் சுற்ற பவுடர் பறந்தது. எதிரே ஆடிய பெண் மூன்று முறை தும்மினாள். ஜெயபாரதி மறுபடியும் ஜெயித்தாள். ஆனால் பவுடர் பறந்த இடமெல்லாம் நீலம் பளிச்சென்று தெரிந்தது. கைமடிப்பிலும் உள்பக்க நீலம் எட்டிப் பார்த்தது.

நடுவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, வேல்குமாரை மண்டபத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"பொண்ணு காலைல திருப்பூர்ல ஆடுச்சுங்களா?"

இனி மறைத்துப் பயனில்லை.

"தப்பு என்னுதுங்க. தடை போடறதுன்னா எனக்குப் போடுங்க. புள்ளை ஆறு வருசமா ஒழைச்சிருக்குதுங்க."

நடுவர் சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அட, நீங்க வேறைங்க! காலைல அங்க பசங்க பிரிவுக்கு நடுவரு நாந்தானுங்க. எங்க பையையுந்தான் கொட்டிப் பாக்கறாங்க. எம்பட அளவுக்கு இதே மாதிரி ஒண்ணு தெச்சுத் தருவீங்ளா?"