‘அந்த மாதிரி’ விஷயங்களின் மொழிபெயர்ப்பாளர்

பெண் விடுதலையின் வரலாற்றை யார் எழுதினாலும், நான் மைக் பிடித்த அத்தியாயத்தை விட்டுவிட்டு எழுத முடியாது. இதை நானே சொல்ல வேண்டியிருப்பதில் வருத்தம்தான். என்ன செய்வது, வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் சத்தியவேடு வட்டாரத்தில் கல்யாண வரவேற்போ, கோயில் திருவிழாவோ, கம்பெனி ஆயுத பூஜையோ, எதையும் தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம் சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. இங்கே தமிழ் தெரிந்தவனுக்குத் தெலுங்கும் தெரியும், தெலுங்கு தெரிந்தவனுக்குத் தமிழும் தெரியும். அதனால் என்ன? இரண்டு தரம் சொன்னால்தான் மேடைக்குக் கௌரவம். அந்தக் கௌரவத்துக்குப் பெயர் வேதாச்சலம். அடியேன்தான். மாப்பிள்ளை டிப்ளமோ ஃபெயில் என்றால் தமிழில் ‘தொழில்நுட்ப ஆர்வலர்’ என்பேன். தெலுங்குக்குப் போவதற்குள் அவன் விஞ்ஞானி ஆகிவிடுவான்.

வயலெல்லாம் கம்பெனியாகி, பெண்கள் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போகத் தொடங்கியதும், ஊர்ப் பிரமுகர்களுக்குப் பெண்கள்மேல் திடீர் அக்கறை பிறந்தது. ‘எல்லையோர மகளிர் விழிப்புணர்வுக் குழு’ உதயமாயிற்று. மகளிர் குழு என்பதால் உறுப்பினர்கள் அனைவரும் ஆண்கள். தலைவர், சிமெண்ட் கடை வரதராஜன். கொள்கை பரப்பும் மொழிபெயர்ப்பும் என் பொறுப்பு.

முதல் கூட்டத்திலேயே பேனர் வாசகத்தை எழுதிக்கொண்டு போனேன். “பாலியல் வன்முறையைத் தயங்காமல் புகார் செய்யுங்கள்.” தலைவர் எதையோ மிதித்துவிட்டவர்போல் முகத்தைச் சுளித்தார்.

“இன்னாய்யா இது? பஸ் ஸ்டாண்டுல தொங்கப் போவுது. என் மச்சினிச்சி படிப்பா.”

“படிக்கத்தானேண்ணே வெக்கிறோம்?”

“படிக்கட்டும். புரியக் கூடாது.”

நீண்ட விவாதத்துக்கும் இரண்டு சுற்று மிளகாய் பஜ்ஜிக்கும் பிறகு வாசகம் இறுதியாயிற்று. ‘அந்த மாதிரி’ விஷயங்களைத் தைரியமாகப் பேசுங்கள்! மேற்கோள் குறி என் யோசனை. தலைவர் கைகொடுத்தார்.

ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு சத்தியவேட்டிலிருந்து வரதய்யபாளையம் வரைக்கும் ஒரு தெரு விடாமல் முழங்கினேன். “பேசு பெண்ணே, பேசு!” கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்த ஒரு பெண் ஆட்டோவை நிறுத்தினாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் துர்காதேவி என்றிருந்தது.

“எந்த மாதிரி விஷயம்ணா?”

“அந்த மாதிரிம்மா.”

“அதான், எந்த மாதிரி?”

“அது... தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.”

“சொன்னா எழுதிக்குவாங்களா?”

“திருப்பதியிலேர்ந்து மேடமே வர்றாங்க. நீ வாயத் தெறந்தா போதும்.”

இந்த வாக்கு என் வாயிலிருந்துதான் வந்தது. அப்போது மனமாரத்தான் சொன்னேன்.

விழா நாள் வந்தது. திருப்பதியிலிருந்து மகளிர் அதிகாரி பத்மாவதி வந்திறங்கினார். மேடைக்குப் பக்கத்தில் பந்தல் துணியை மறைப்பாகக் கட்டி, ‘ரகசியப் புகார் அறை’ என்று கொட்டை எழுத்தில் போர்டு மாட்டியிருந்தோம். அறைக்குள் யார் நுழைந்தாலும் மைதானம் முழுக்கத் தெரியும்படி ரகசியம் காக்கப்பட்டது. தலைவர் பேசினார், நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி தெலுங்கில் சுருக்கமாகப் பேசினார். அதையும் விரித்துத் தமிழில் பெருமைப்படுத்தினேன். இரண்டு கைதட்டலையும் நானே எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் துர்காதேவி எழுந்து, யாரையும் பார்க்காமல் நேராக அறைக்குள் போனாள். எங்கள் இயக்கத்தின் முதல் புகார்! எனக்குப் புல்லரித்தது. ரகசியமான விஷயமாயிற்றே என்று நான் ஒருவன் மட்டும் பின்னாலேயே நுழைந்தேன்.

“ஏமைந்திம்மா?” என்றார் அதிகாரி. “என்னம்மா ஆச்சு?” என்று தமிழாக்கினேன்.

துர்காதேவி புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “எங்க சூப்பர்வைசர் கிரண்குமாரு, மேடம். ஸ்டாக்கு எடுத்துக்கினு இருந்தேன். ஸ்டோர் ரூமு கதவ சாத்திட்டான்.”

நான் தொண்டையைச் செருமினேன். வயதுப் பெண், மரியாதைக்குரிய அதிகாரி, நடுவில் நான். எதையும் கௌரவமாகச் சொல்வதுதானே நம் தொழில்? “பணியிடத்தில் காற்றோட்டம் போதவில்லை என்கிறார்” என்று அழகிய தெலுங்கில் சொன்னேன்.

“கையைப் புடிச்சி இழுத்தான்.”

“மேலதிகாரி சற்றுக் கூடுதல் உரிமையோடு பழகுகிறாராம்.”

“வாயைப் பொத்திட்டு மேல கை வெச்சான் மேடம். கடிச்சிட்டு ஓடியாந்தேன். வர்ற திங்கக்கெழமைலேர்ந்து மறுபடி அவன் லைன்லயே போட்டுட்டாங்க. போவலன்னா வேலை போயிடும். போனா...”

இதற்கும் என்னிடம் ஒரு சொல் இருந்தது. “கொஞ்செம் இப்பந்தி.” கொஞ்சம் சிரமம் என்று அர்த்தம். ஷிஃப்ட் மாற்றம் கேட்கிறார் என்றும் சேர்த்துக்கொண்டேன். கேட்டு வாங்கினாலும் இவ்வளவு நாகரிகமான மொழிபெயர்ப்பு கிடைக்காது.

துர்காதேவி என் பக்கம் திரும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிகாரியிடம் சொன்னாள். “மேடம், ஆயன செப்பிந்தி நேனு செப்பலேது.”

அவர் சொன்னது நான் சொன்னதல்ல என்று பொருள். சுத்தமான தெலுங்கு. என்னுடையதைவிடச் சுத்தம். பிறகு கதவு, கை, வாய் எல்லாவற்றையும் அதே தெலுங்கில், அந்தந்தப் பெயரிலேயே முதலிலிருந்து சொன்னாள். ‘அந்த மாதிரி’ என்ற சொல் அதில் ஓரிடத்திலும் வரவில்லை.

அதிகாரி எழுதிக்கொண்டே நிமிராமல் கேட்டார். “நீ போனப்ப அங்க வேற யாருனா இருந்தாங்களா கண்ணு?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “மேடம், உங்களுக்குத் தமிழ்...”

“நகரி ஊருல பொறந்தவ சார் நானு. எங்க வூட்ல பவர்லூம் சத்தத்துக்கு மேல தமிழ்லதான் கத்திக்கினு இருப்போம்.”

“அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?”

“நான் எங்க கூப்ட்டேன்? நீங்களா உள்ள வந்தீங்க. இந்தம்மா கூட்டியாந்த ஆளுன்னு நெனச்சேன்.”

தமிழ்ப் பெண் தெலுங்கில் பேசினாள். தெலுங்கு அதிகாரி தமிழில் கேட்டார். நடுவில் நின்ற மொழிபெயர்ப்பாளனுக்கு வியர்த்தது. உண்மையிலேயே காற்றோட்டம் போதவில்லை.

“திங்கக்கெழம நீ அவன் லைனுக்குப் போவ வேணாம்” என்றார் அதிகாரி. “நான் போறேன். இன்னும் எதுனா சொல்லணுமா?”

“சொல்லணும்” என்றாள் துர்காதேவி, இந்த முறை தமிழில். “பேசு பேசுன்னு இவரு தெருத்தெருவா கூவிக்கினு வந்தாரு. நம்பித்தான் வந்தேன். என் வாயைப் பொத்தினவங்க ரெண்டு பேரு மேடம். மொத ஆளையாவது என்னால கடிக்க முடிஞ்சிது.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ரிப்போர்ட்டு தெலுங்குல போவணும் சார். இதை மட்டும் நீங்க மாத்திச் சொல்லுங்க. அப்படியே.”

தெலுங்கில் நான் அறியாத அலங்காரம் இல்லை. ஒன்றும் வாயில் வரவில்லை. என் தொழில் வாழ்க்கையில் முதன்முறையாக, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். வெட்கமாக இருந்தது.

“அந்த ரெண்டாவது ஆளு பேரு?” என்றார் அதிகாரி.

எத்தனையோ பேரை ‘மாண்புமிகு’வும் ‘கொடைவள்ளலு’மாக மேடையேற்றிய வாய் இது.

“வேதாச்சலம்” என்றேன். முன்னால் எதையும் சேர்க்கவில்லை.